அடையாளம் காட்ட ஓர் ஆள்

வெள்ளையடிக்க வந்தவர்களைத் திரிபுரசுந்தரி அந்த வருஷமும் வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னா மேடம் இது? பக்கத்து வூட்ல எங்களுக்கு மொதல்ல அடின்னு சண்ட போட்டுகினு கீறாங்க. நீங்க வாணாம்ன்றீங்க. உங்க கைக்காசா போவுது? கெவுருமென்ட்டு அடிக்குது."

"வேணாம்பா. இப்படியே இருக்கட்டும்."

"செவுத்த பாருங்க, உப்பு பூத்துக் கெடக்குது. இந்த வாட்டி கலர்கூட மாத்திக் குடுத்துக்கீறாங்க. க்ரீம் கலரு. சோக்கா இருக்கும்."

"அதனாலதான் வேணாம்ங்கறேன்" என்றாள்.

மேஸ்திரி அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான். தாம்பரம் விமானப்படை முகாமுக்குள் அந்த வரிசை வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம், சின்ன இரும்பு கேட், மூன்று படி. கேட்டில் தொங்கும் பெயர்ப்பலகையைத் தவிர ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது. அவள் வீட்டுக்கு மட்டும் இப்போது ஒரு வித்தியாசம் இருந்தது. மற்றவை ஒவ்வொன்றாக க்ரீம் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்க, அது மட்டும் வெளிறிய நீலத்தில் நின்றது.

தினகர் அந்த நீல வீட்டிலிருந்துதான் கிளம்பிப் போனான். திரும்பி வருகிறவன் வேறு யார் வீடோ என்று நினைத்துத் தெருக்கோடியிலிருந்தே திரும்பிவிடக் கூடாது. இந்தக் காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியும்.

தினகர் அவர்களுடைய ஒரே பிள்ளை. காட்டாங்குளத்தூரில் பொறியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். இரண்டாயிரத்து இரண்டு ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ரவா உப்புமாவில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு, "டைம் ஆச்சும்மா" என்று ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினான். தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்ரயிலில் ஏறியதை வகுப்புப் பையன் ஒருத்தன் பார்த்திருக்கிறான். பொத்தேரியில் இறங்கியதை இன்னொருத்தன் பார்த்திருக்கிறான். ஸ்டேஷனுக்கும் கல்லூரி வாசலுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். அந்த ரோட்டில் அவன் என்ன ஆனான் என்பது யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் சண்டை இல்லை. பரீட்சையில் தோற்கவில்லை. காதல், கீதல் என்று போலீஸ்காரர் குடைந்து குடைந்து கேட்டதற்கும் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு காரணம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருப்பாள். காரணமே இல்லாமல் ஒருத்தன் காற்றில் கரைந்த மாதிரிப் போனால் எதைப் பிடித்துக்கொண்டு அழுவது?

அதற்கப்புறம் அவள் முகாமை விட்டுத் தூரமாக எங்கும் போனதில்லை. கல்யாணம், காரியம் எல்லாவற்றுக்கும் கணவரை மட்டும் அனுப்பினாள். டெலிபோனில் யாராவது கூப்பிட்டால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். லைன் காலியாக இருக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். மத்தியானங்களில் பயிற்சி விமானங்கள் இறங்கி ஓய்ந்தபின், மரத்து நிழல் கூடத்துக்குள் வந்து விழும். அப்போது கேட் கிறீச்சிடுவது போலிருக்கும். எழுந்து போய்ப் பார்ப்பாள். கேட் சாத்தித்தான் இருக்கும். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டது கேட்டதுதான் என்று அவளுக்குத் தோன்றும்.

கணவர் வெற்றிவேல் விங் கமாண்டர். தொழில்நுட்பப் பிரிவு. இன்ஜின்களைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. பேச்சு குறைவு. பிள்ளை போனதற்கப்புறம் இன்னும் குறைந்தது. விடிகாலையில் ஓடப் போவார், வருவார், சாப்பிடுவார், போவார். சில நாட்களில் வேலை நேரத்தின் நடுவில் திடுதிப்பென்று வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிப்பார். அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. "ஷெட்ல ஒரே கிரீஸு" என்பார். அவர் மனசுக்குள் பிள்ளையைப் புதைத்துவிட்டார் என்றுதான் சுந்தரி நினைத்தாள். அவனைப் பற்றி அவள் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

மேஸ்திரியைத் திருப்பியனுப்பிய அதே வாரம் மாற்றல் உத்தரவு, போஸ்டிங் சிக்னல், வந்தது. இரண்டாயிரத்து நாலு ஏப்ரல். கத்தரிக்காய்க் காரக்குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே வெற்றிவேல் சொன்னார்.

"கான்பூர் போட்டிருக்காங்க."

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "எப்ப?"

"ஜூன்ல ரிப்போர்ட் பண்ணணும். ஃபேமிலி ஸ்டேஷன்தான், குடும்பத்தோட போற இடம். அதனால இந்தக் குவார்ட்டர்ஸ நாம வெச்சுக்க முடியாது."

"நீங்க போய்ட்டு வாங்க. நான் வரல."

"வீட்டைக் காலி பண்ணணும் சுந்தரி."

"அவன் வந்தா?"

வெற்றிவேல் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். பட்டாளத்து மனுஷன், போ என்றால் போகிறவர், இதுவரை எந்த ஊருக்கும் ஏன் என்று கேட்டதில்லை. மூட்டை கட்டச் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் மூட்டை கட்டச் சொல்லவில்லை. போஸ்டிங்கைத் தள்ளிவைக்கும்படி மேலே எழுதினார். பரிசீலித்தோம், இயலவில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில். மே மாதக் கடைசியில், அனல் காற்றில் கருகிக் கிடந்த துளசித் தொட்டிக்கு அவள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்றார்.

"கோர்ட்டுக்குப் போகலாம்னு இருக்கேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏர்ஃபோர்ஸ் மேலயா?"

"ஆமா."

தனக்காகத்தான் செய்கிறார் என்று நினைத்தாள். அன்றைக்கு மனசு அவர்மேல் இளகியது.

வக்கீல் யேசுதாசனின் அலுவலகம் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. விமானப்படையில் சார்ஜன்ட்டாக ஓய்வுபெற்று, அப்புறம் மாலைக் கல்லூரியில் சட்டம் படித்து, முப்படைக்காரர்களின் வழக்குகளை எடுத்து நடத்துகிறவர். வெற்றிவேல் உள்ளே நுழைந்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து விறைப்பாக நின்றார். பிறகு தானே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆபீசர் ஒருத்தர் என்கிட்ட வந்து நிக்கிறது ரொம்ப அபூர்வம் சார். ஜவான்தான் வருவான். ஆபீசருங்க லெட்டர் எழுதிப் பாப்பாங்க, அப்புறம் பொட்டியக் கட்டிடுவாங்க. சொல்லுங்க, காரணம் இன்னா போடலாம்?"

"எங்க பையன் காணாமப் போயிட்டான்" என்றாள் சுந்தரி. "அவன் திரும்பி வந்தா இந்த வீட்டுக்குத்தான் வருவான். அதுதான் காரணம்."

யேசுதாசன் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தார். "அம்மா, எனக்குப் புரியுது. எனக்கும் ரெண்டு புள்ளைங்க. ஆனா காத்துக்கிட்டு இருக்கோம்ன்றது சட்டத்துல ஒரு காரணமே இல்ல. டிரான்ஸ்ஃபர்ன்றது வேலையோட சேந்தது. அதுவும் பட்டாளத்துல கோர்ட்டு கைய வெக்கவே யோசிக்கும். கெட்ட எண்ணத்துல மாத்தினாங்கன்னு காட்டணும். அவங்க போட்ட ரூலை அவங்களே மீறினாங்கன்னு காட்டணும். இங்க ரெண்டும் இல்ல."

"அப்ப வேற என்ன வழி?" என்றார் வெற்றிவேல்.

வக்கீல் சுந்தரியைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார். "மனைவிக்கு வைத்தியம் நடக்குது, ஊர விட்டு நகத்தினா ஆபத்துன்னு போடலாம். அனுதாபக் காரணம். அது ஒண்ணுதான் நிக்கும்."

"எனக்கு என்ன வைத்தியம் நடக்குது?" என்றாள் சுந்தரி.

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுவது தரைவழியாகக் காலில் அதிர்ந்தது.

"போடுங்க" என்றார் வெற்றிவேல்.

பிரமாணப் பத்திரம் தட்டச்சாகி வந்தபோது அவள் படித்தாள். மனுதாரரின் மனைவி கடுமையான மனநோயால் பாதிக்கப்பட்டிருக்கிறார், மகன் உயிரோடிருப்பதாக நம்பி அந்த வீட்டைவிட்டு வெளியேற மறுக்கிறார், பலவந்தமாக இடம் மாற்றினால் தற்கொலைக்கு முயலக்கூடும் என்று வழவழப்பான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வெற்றிவேலின் கையெழுத்து. படித்து முடித்து, காகிதங்களைத் தட்டி ஒழுங்காக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"நான் பைத்தியம்னு நீங்களும் நம்பறீங்களா?"

"கேஸுக்காகத்தான் சுந்தரி."

"சரி. இங்க இருக்கறதுக்குத்தானே. இருக்கட்டும்."

ஜூனில் இடைக்காலத் தடை கிடைத்தது. மறு உத்தரவு வரும்வரை விங் கமாண்டர் வெற்றிவேலைத் தாம்பரத்திலிருந்து விடுவிக்கக் கூடாது. யேசுதாசன் கோர்ட் வாசலிலிருந்து டெலிபோனில் கத்தினார். சுந்தரி இரண்டே வார்த்தையில் நன்றி சொல்லி ரிசீவரை வைத்தாள்.

முகாம் முழுக்கச் செய்தி பரவியது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. அதிகாரிகள் மெஸ்ஸில் வெற்றிவேல் போய் உட்காரும் மேஜையில் ஆட்கள் கொஞ்ச நேரத்தில் எழுந்தார்கள். அதிகாரிகளின் மனைவிமார்கள் கேன்டீனில் அவளைக் கண்டால் மெதுவாகப் பேசினார்கள், நோயாளியிடம் பேசுகிற மாதிரி. ஒருநாள் காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பெண் அவளை நிறுத்தினாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை.

"ஆன்ட்டி, நான் அனுப்பிரியா. அங்கிள் இடத்துக்கு வந்திருக்கிறது என் ஹஸ்பன்ட்தான்."

சுந்தரி குழந்தைகளைப் பார்த்தாள். "எங்கம்மா தங்கியிருக்கீங்க?"

"மெஸ்ல ஒரு ரூம். சாமானெல்லாம் இன்னும் பெட்டியிலதான் இருக்கு. குழந்தைங்களுக்குப் பால் காய்ச்சக்கூட இடமில்ல." சொல்லிவிட்டு அந்தப் பெண் சட்டென்று கலங்கினாள். "நான் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லல ஆன்ட்டி. நீங்க கேட்டீங்க, அதான்."

அன்று முதல் தினமும் காலையில் ஒரு தூக்குப் பாலை வீட்டில் காய்ச்சி மெஸ்ஸுக்குக் கொடுத்தனுப்பினாள் சுந்தரி. ஒருத்தியின் வீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு அவளுக்கே பால் அனுப்புகிறோமே என்று ஒவ்வொரு நாளும் நெஞ்சில் முள் தைத்தது. ஆனால் வீட்டை விடுவதாக இல்லை.

அரசாங்கத் தரப்பு எதிர்மனு போட்டது. மனுதாரரின் மனைவிக்கு நோய் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பரங்கிமலை ராணுவ ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் அவரைப் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார்.

பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் யேசுதாசன் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அம்மா, நாளைக்கி டாக்டர்கிட்ட நல்லாக்கீறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தூக்கம் வரலன்னு சொல்லுங்க. குரல் கேக்குதுன்னு சொல்லுங்க. கேட்டத் திறக்கற சத்தம் கேக்குதுன்னு சார் சொன்னாரு. அதையே கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க. பொய்யில்லையே அது."

அவள் கணவரைப் பார்த்தாள். கேட் சத்தத்தைப் பற்றி அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பதை அவர் கவனித்திருக்கிறார்.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. கர்னல். தமிழ் தெரிந்தவர். மேஜையில் இருந்த தாள்களை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டுச் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். என்ன சமையல், யார் கடைக்குப் போவது, பேப்பர் படிக்கிறதுண்டா. சுந்தரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"உங்க மகன் திரும்ப வருவான்னு நினைக்கிறீங்களா?"

குரல் கேட்கிறது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"தெரியாது டாக்டர். வரலாம், வராமயும் போகலாம். ரெண்டு வருஷமாச்சு, நான் ஒண்ணும் சின்னக் குழந்தை இல்ல. ஆனா வந்தா வீட்ல யாராவது இருக்கணும் இல்லையா? பூட்டின வீட்டுக்கு வந்து நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"சாகணும்னு தோணியிருக்கா?"

"தோணியிருக்கு. செத்துட்டா யாரு கதவத் திறப்பாங்கன்னு விட்டுட்டேன்."

மருத்துவர் ஓரமாக வைத்திருந்த தாள்களை இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார். மனநோய் எதுவும் இல்லை, சுயநினைவும் தெளிவும் உள்ளவர், இழப்பின் துயரத்தில் இருக்கிறார், அது நோயன்று.

அதோடு வழக்கு முடிந்தது. தூரம் எங்கும் போகாதவள் என்றாலும், ஆகஸ்டில் அவளும் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். கறுப்பு அங்கிகளுக்கு நடுவே பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீதிபதி கடுமையாக எதுவும் பேசவில்லை. இந்தத் தாயின் நிலை நீதிமன்றத்தின் மனத்தைத் தொடுகிறது, ஆனால் எந்த அதிகாரி எங்கே வேலை செய்ய வேண்டும் என்று படைதான் தீர்மானிக்க முடியும், நீதிமன்றம் அல்ல என்றார். தடை நீங்கியது. பேசி முடிப்பதற்குள் அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் பைத்தியம் இல்லை என்பது சட்டப்படி நிரூபணமாகி, அதனாலேயே வீடு போயிற்று.

மின்ரயிலில் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்து அவள் விளக்கேற்றிவிட்டு அடுக்களைக்குப் போனாள். வெற்றிவேல் கூடத்தில் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். வெளியே இடி இடித்து மழை பிடித்தது.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாம் நீ" என்றார். குரல் உடைந்திருந்தது. "ஒரே ஒரு பொய்."

அவள் திரும்பினாள். "நீங்க ஏன் இப்படி ஆகறீங்க? ஒரு போஸ்டிங்குக்கும் மூச்சு விட்டதில்ல. எனக்காகத்தான் இதெல்லாம் செய்யறீங்கன்னு நெனச்சேன். எனக்காகன்னா எங்கிட்ட கோபம் எதுக்கு?"

வெற்றிவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார்.

"நான் போயிட்டா யாரு பாக்கறது?"

"என்னைத்தானே? நான் பாத்துக்குவேன்."

"உன்னைச் சொல்லல. பாடிய யாரு பாக்கறது?"

அவளுக்கு முதலில் வார்த்தையே ஏறவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மழைச் சத்தத்தில் பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை. தினகர் காணாமல் போன முதல் மாதமே ரயில்வே போலீசில் அவருடைய ஆபீஸ் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டு நம்பரைக் கொடுக்கவில்லை, அவள் எடுத்துவிடுவாள் என்று. கிண்டிக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் தண்டவாளத்தில் அடையாளம் தெரியாத இளவட்டம் யாராவது அடிபட்டுக் கிடந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் போவார். முகம் இருந்தால் முகத்தைப் பார்ப்பார். முகம் இல்லாவிட்டால் இடது முழங்காலுக்குக் கீழே சைக்கிளில் விழுந்த தழும்பைத் தேடுவார். ஏரி, கிணறு, கல்குவாரி எங்கே எடுத்தாலும் சொல்லிவிடுவார்கள். இரண்டு வருஷமாக.

"அந்த நாள்லதான் வந்து குளிப்பீங்களா?" என்றாள்.

தலையாட்டினார்.

"ஒவ்வொரு வாட்டியும் துணியத் தூக்கறதுக்கு முன்னாடி, இவனா இருந்துடட்டும்னு ஒரு நெனப்பு வரும் சுந்தரி. முடிஞ்சு போகட்டும்னு. தூக்கினதும் இவன் இல்லன்னு ஒரு சந்தோஷம் வரும். யாரோ ஒருத்தரோட புள்ள செத்துக் கெடக்கு, நான் சந்தோஷப்பட்டுக்கிட்டு நிப்பேன். அப்புறம் வெளிய வந்து வாந்தி எடுப்பேன்." நிறுத்தினார். "நான் கான்பூர்ல இருக்கும்போது ஃபோன் வந்தா, யாரும் வரலன்னு அவங்களே புதைச்சுடுவாங்க. அவனாவே இருந்தாலும் புதைச்சுடுவாங்க. நமக்குத் தெரியாமலே போயிடும்."

அவர் பிள்ளையைப் புதைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே. அவள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அவர் இன்னொரு வாசலில் போய் நின்றிருக்கிறார். சுந்தரி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. எழுந்திருக்கவில்லை.

சுந்தரி மட்டும் தங்குவதற்கு, செம்பாக்கத்தில் லோகநாதன் வீட்டு மாடிப் போர்ஷனை யேசுதாசன்தான் பார்த்துக் கொடுத்தார். ஒரே எக்ஸ்சேஞ்ச் எல்லைக்குள் வருவதால் டெலிபோன் நம்பர் மாறாது. லோகநாதனுடையது ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போக, இப்போது வாடகையும் கொட்டிலில் இரண்டு கறவை மாடும்தான். வீட்டைப் பார்க்கப் போன அன்று மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே பேசினார்.

"வக்கீலு எல்லாத்தியும் சொன்னாரும்மா. மாடியாண்ட நின்னீங்கன்னா ஏரி மொத்தமும் தெரியும். பயந்துக்காதீங்க. எங்க ஏரி யாரையும் உள்ள வெச்சிக்காது. எவன் வுழுந்தாலும் மூணா நாளு மேல அனுப்பிடும். உங்க புள்ள அதுல இல்ல. நான் பொறந்ததுலேர்ந்து பாத்துகினு கீறேன்."

"யோவ், இன்னா பேச்சு பேசற நீ, குடி வர்ற பொம்பளையாண்ட" என்று அவர் மனைவி சாமுண்டீஸ்வரி உள்ளேயிருந்து கத்தினாள். சாணிக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காதக்கா. இதுக்கு வாயில ஜிப்பு கெடையாது."

சுந்தரிக்கு அவர் சொன்னது தப்பாகவே படவில்லை. இரண்டு வருஷத்தில் பயந்து பயந்து பேசாமல் பேசிய முதல் ஆள் அவர்தான்.

முகாம் வீட்டைக் காலி செய்த அன்று அனுப்பிரியா குழந்தைகளோடு வந்திருந்தாள். மேஸ்திரியின் ஆட்கள் க்ரீம் நிற டப்பாக்களோடு மரத்தடியில் காத்திருந்தார்கள். சுந்தரி அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டருகில் வந்து நின்றாள்.

"அனு, ஒரு பையன் வந்து கேட்டா..."

"சொல்றேன் ஆன்ட்டி. உக்கார வெச்சு ஃபோன் பண்றேன்."

"சாப்பிட ஏதாவது குடும்மா முதல்ல."

அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெற்றிவேல் கான்பூர் கிளம்புவதற்கு முன்னால் அவரிடம், தன்னை ரயில்வே போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகச் சொன்னாள். அவர் வேண்டாம் என்றார். "உன்னால தாங்க முடியாது."

"நீங்க தாங்கினீங்க இல்ல?"

ரைட்டராக இருந்த ஏட்டு ஜெபசீலன் அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சார் போகட்டும், வேற ஆம்பள யாராவது இருந்தா நம்பர் குடுங்கம்மா என்றார். ஆம்பள யாரும் இல்ல, என் நம்பரையே எழுதிக்குங்க என்றாள். இத்தனை நாளாக மகனுக்காக மட்டும் காலியாக வைத்திருந்த நம்பர். ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னாள். ஏட்டு எழுதிக்கொண்டார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியாகத் தண்ணீர் போகிற சத்தம் மாடிக்கு இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்தது. கேட் சத்தம் அங்கே வரவில்லை. அதற்குப் பதிலாக அவளுக்கு டெலிபோன் மேல் பயம் வந்தது. அது அடித்தால் தினகராகவும் இருக்கலாம், ஏட்டாகவும் இருக்கலாம். எடுக்கும்வரை இரண்டு பேரும் அதற்குள் இருந்தார்கள்.

ஒரு காலை பத்து மணிவாக்கில் அடித்தது. ஏட்டுதான். பெருங்களத்தூர் தாண்டி ஒரு பையன். இருபதுக்கு மேல் இருக்காது. முகம் பரவாயில்லை.

படியிறங்கி வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் சாமுண்டீஸ்வரி கையிலிருந்த பால் சொம்பை அப்படியே வைத்துவிட்டாள்.

"இன்னாக்கா?"

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். பாக்க வரச் சொல்றாங்க."

"இரு. பொடவ மாத்திகினு வரேன். ஒண்டியா போவாத."

பிணவறைக்கு வெளியே ஈரத்தில் ஒரு வேப்பமரம் சொட்டிக்கொண்டிருந்தது. சாமுண்டீஸ்வரி வாசலோடு நின்றுவிட்டாள். "எனுக்கு ஆவாதுக்கா. நான் இங்கியே கீறேன். கூப்புடு, ஓடியாரேன்." உள்ளே சிமென்ட் மேடையில் பச்சைத் துணி மூடிக் கிடந்தது. ஏட்டு ஊழியருக்குக் கண் காட்டினார். வெற்றிவேல் சொன்ன நினைப்பு அவளுக்கும் வந்தது. இவனாக இருந்துவிட்டால். துணி விலகியது. இவனில்லை.

ஆனால் சந்தோஷம் வரவில்லை. அவள் அங்கேயே நின்றாள். முன் மயிர் ஈரத்தில் நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. புதுச் சட்டையின் காலரில் கடையில் குத்திய அட்டையின் ஊசிகூட எடுக்காமல் இருந்தது. ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பியிருக்கிறான்.

"இல்லீங்களாம்மா?" என்றார் ஏட்டு.

"இல்ல."

"சரிம்மா. நீங்க கெளம்புங்க."

"இவனுக்கு யாராவது வருவாங்களா?"

"தெரியலம்மா. பேப்பர்ல குடுத்திருக்கு. பாக்கலாம்."

அவள் கிளம்பவில்லை. ஊழியர் பின்னால் செருமினார். அவள் அந்தக் காலர் ஊசியை மெல்லக் கழற்றி எடுத்தாள். ஒட்டிய முடியை விரலால் ஒதுக்கிவிட்டாள். உள்ளே வருகிற தாய், யாராக இருந்தாலும், இந்த முகத்தை அப்படிப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது அவளுக்கு. பிறகு பச்சைத் துணியைத் தானே இழுத்து முகத்தை மூடினாள்.

ஆஸ்பத்திரி எதிரில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. சாமுண்டீஸ்வரி டீ வாங்கிக்கொண்டு வந்து வெளியே குடையோடு நின்றாள். கான்பூர் லைன் கிடைக்க நேரமாயிற்று. வெற்றிவேல் எடுத்ததும் மூச்சை அடக்கிக்கொண்டது இங்கே கேட்டது.

"இல்லங்க" என்றாள்.

அவர் மூச்சு விட்டார். பக்கத்தில் எங்கோ இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சின்னப் பையனா?"

"நம்ம பையன் வயசுதான். புதுச் சட்டை போட்டிருந்தான்."

"வாந்தி எடுத்தியா?"

"இல்ல."

மீட்டரில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அவசரப்படவில்லை.

"சுந்தரி" என்றார் வெற்றிவேல். "முகத்த மூடிட்டு வந்தியா?"

"மூடிட்டுதான் வந்தேன்" என்றாள்.